தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்

மருமகனே,

உன் அம்மா கொண்டுவந்து காட்டிய பயிற்சிக் குறிப்புகளை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தேன். மலையில் நிற்கப் போகிற வெளிக்கள உத்தியோகத்தருக்குக் கவ்வாத்து, உரம், மருந்து என்பதோடு மனசைப் பற்றியும் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதினம். எங்கள் காலத்தில் ஒரு பொடியனைக் கணக்கப்பிள்ளையாக எடுக்கும்போது இரண்டைத்தான் பார்த்தார்கள். கணக்கு வருமா, குரல் கேட்குமா? மலையின் இந்தத் தலையில் நின்று சத்தம் போட்டால் அந்தத் தலையில் கொழுந்து எடுக்கிறவளுக்குக் கேட்க வேண்டும். அவள் சொல்வது இவனுக்குக் கேட்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

பாடத்தின் பெயர் மனவெழுச்சி நுண்ணறிவு. பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பேச்சு உருப்பெற்றது. டானியல் கோல்மன் 1995இல் எழுதிய புத்தகம் அதை உலகம் பூராவும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அதைக் கைக்குள் வைத்திருக்க வேண்டும், எதிரே நிற்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும், அதற்கேற்ப நடக்க வேண்டும். சுருக்கினால் இவ்வளவுதான். ஒன்றும் பிழையில்லை. ஆனால் இதைத் தோட்டத்தில் யார் யாரிடம் படிக்க வேண்டும் என்பதை உன் குறிப்புகள் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அம்மாயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பெரியதுரை பங்களாப் படியில் இறங்கி வருகிற நடையைப் பார்த்தே அன்றைக்கு எந்த மலையில் யாருக்கு ஏச்சு விழும் என்று சொல்லிவிடுவார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் கணக்கப்பிள்ளையின் முகத்தை ஒரே பார்வையில் வாசித்து முடித்திருப்பார்கள். ராத்திரி குடித்தானா, வீட்டில் சண்டையா, ஒப்பிஸில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறானா, எல்லாம் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியவர்கள்தான் கூர்ந்து பார்ப்பார்கள். பயப்படத் தேவையில்லாதவனுக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை. ஆகவே இந்தப் பாடத்தில் மலையிலேயே கடைசி வாங்கில் இருக்கிற மாணவன் நீதான். அவர்களுக்கு உன்னை ஒரு கிழமையில் தெரிந்துவிடும். உனக்கு அவர்களைத் தெரிய வருஷங்கள் எடுக்கும், அதுவும் நீ மெனக்கெட்டால்தான்.

ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பயணியைப் பார்த்துச் சிரிப்பதும் உள்ளே வருகிற எரிச்சலை மறைப்பதும் சாமான் தூக்குவதைப் போலவே ஓர் உழைப்பு, அதையும் கம்பனி சம்பளத்துக்குள் வாங்கிக்கொள்கிறது என்று அவர் காட்டினார். நம் தோட்டங்களில் அந்த உழைப்புக்குப் பேர் போட்டதே இல்லை. துரை வரும்போது குடையை மடக்கி, பாதையை விட்டு இறங்கி, இடுப்பில் கட்டிய படங்கைச் சரிசெய்துகொண்டு, வயிற்றெரிச்சலை முகத்தில் காட்டாமல் நிற்பது வேலையோடு சேர்ந்ததாகவே கணக்காயிற்று. மூஞ்சியைத் தூக்கினால் மட்டும் அது கணக்கில் வரும். அடுத்த நாள் கொழுந்து எடுக்க மோசமான நிரை கிடைக்கும்.

இது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். 1820களில் கோப்பிக்காக இலங்கைக்குக் கூட்டிவரப்பட்ட காலத்திலிருந்தே நம் ஆட்களின் வேலை, கடன், அரிசி, ஊர்ப் பயணம் எல்லாம் பெரிய கங்காணியின் கையில் இருந்தன. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளையும் கடனையும் சேர்த்தே கைமாற்றிய முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பிறகு 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடில்லாதவன் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவான்? அடக்கமான சனம், சொன்னதைக் கேட்கிற சனம் என்று துரைமார் நம்மைப் புகழ்ந்து எழுதியதெல்லாம் உண்டு. அடக்கம் எங்கே வந்தது? போக இடமில்லாத பயத்தைத்தான் அவர்கள் அப்படிக் கண்டார்கள்.

இப்போது நிலைமை அப்படியில்லை. ஒருத்தியை வாய்க்கு வந்தபடி ஏசினால் அவள் அடுத்த நாள் பெரட்டுக்கு வரமாட்டாள். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குப் போவாள், அட்டனில் கடைக்குப் போவாள், கொழும்புக்கே போய்விடுவாள். பயத்தைக் கொண்டு கொழுந்து எடுத்த காலம் முடிந்துபோனது. பழைய உத்தியோகத்தர்கள் சிலருக்கு அது இன்னும் உறைக்கவில்லை. உனக்கு உறைக்கட்டும்.

சரி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வருவோம். உன் படிப்பும் பழக்கமும் தெரிகிற இடம் கொழுந்து மடுவம்தான். காலை, மத்தியானம், சாயந்தரம் என்று நிறுவை. பையின் எடைக்கு ஒரு கழிவு. மழை நாளில் தண்ணிக்கு ஒரு கழிவு. முத்தல் இலை கிடந்தால் அதற்கும் ஒரு வெட்டு. தோட்டம் கேட்கிற கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அந்த 1,350இல் அரைப் பேர் என்றால் 675. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியானால் இரண்டு கிலோ குறைந்தாலும் தூள் செய்கிற ஸ்டோருக்கு அரைக் கிலோத் தூள்கூட நட்டமில்லை. கொழுந்து எடுத்தவளுக்கோ நாளில் பாதி போய்விடுகிறது. இந்தக் கணக்கு உன் தலையில் எப்போதும் இருக்க வேண்டும். அவள் ஏன் இரண்டு கிலோவுக்கு இப்படிக் கத்துகிறாள் என்று நீ ஒரு நாளும் ஆச்சரியப்படக் கூடாது.

நான் பொடியனாக இருந்தபோது எங்கள் டிவிசனில் ஒரு பழைய கணக்கப்பிள்ளை இருந்தார். கடுமையான மனுஷன். சிரித்து நான் பார்த்ததில்லை. கொழுந்தில் முத்தலிலை கண்டால் விடமாட்டார். ஆனால் அவர் தராசுக்குப் பக்கத்தில் சண்டை வந்ததும் இல்லை. அவர் செய்தது இதுதான்: எடையை இரண்டு தரம் உரக்கச் சொல்வார். கழிவு எவ்வளவு, எதற்கு என்பதையும் அதே குரலில் சொல்வார். பிறகு எழுதியதைத் திருப்பி அந்தப் பெண்ணிடம் காட்டுவார். அவளுக்கு வாசிக்கத் தெரியாதே என்று யாரோ கேட்டதற்கு, "பார்க்கத் தெரியும்தானே" என்றார். இனிப்பாகப் பேசுகிற கணக்கப்பிள்ளைமாரையும் பார்த்திருக்கிறேன். தேன் ஒழுகப் பேசி, பென்சிலால் ஒரு கிலோவை மெல்ல வெட்டுவார்கள். பெண்கள் யாரை மதித்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் குறிப்புகளில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். முகம் பார்த்துப் பேசு, பெயர் சொல்லிக் கூப்பிடு, புன்னகை செய், அவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேள் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். கணக்கு நேராக இருந்தால்தான் இதெல்லாம் எடுபடும். பெரியம்மா, அக்கா, ஆத்தா என்று முறை சொல்லிக் கூப்பிடுவது நம் சனத்திடம் பெரிய மரியாதைதான். 'வாடி போடி' கேட்டே வளர்ந்த காதுகளுக்கு அது எவ்வளவு பெரிது என்று நான் நேரில் கண்டிருக்கிறேன். நீயும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், உன்னைவிட மூத்த ஒருத்தியையும் பேர் சொல்லியோ 'நீ' போட்டோ கூப்பிடாதே. ஆனால் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே கிலோவை வெட்டுகிறவனுக்கு மனசு தெரியும் என்பதை அறிவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்றவர் மனசை வாசிக்கத் தெரிந்த கள்ளன், தெரியாத கள்ளனைவிட ஆபத்தானவன்.

அடுத்தது. மடுவத்தில் வருகிற கோபம் அநேகமாக மடுவத்தில் பிறந்ததல்ல. ஒரு தரம் ஒருத்தி கூடையைத் தூக்கி நிலத்தில் அடித்துவிட்டாள், கொழுந்தெல்லாம் சிதறிப் போனது. எடைப் பிரச்சினை என்று எல்லோரும் நினைத்தார்கள். சின்னத்துரைவரை விஷயம் போனது. தோட்டத் தலைவர் வந்து அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. காலையில் அவள் பிடித்திருந்த நல்ல நிரையைக் கங்காணி தன் சொந்தக்காரிக்குக் கொடுத்துவிட்டு, செடி பட்டுப்போய் இடைவெளி விழுந்த, கால் வைக்க முடியாத ஓடைக்கரை நிரையை இவளுக்குத் தள்ளியிருக்கிறான். அவள் காலையிலேயே வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நாளைக்கும் அதே ஓடைக்கரைதான். நாள் முழுக்க அந்தச் சரிவில் அட்டைக் கடியோடு நின்று, சாயந்தரம் தராசு முள் பொய் சொல்லாமல் அவளுக்கு அரைப் பேர் என்று சொன்னபோது வெடித்துவிட்டாள். தராசு சரிதான். பிழை காலை ஏழு மணிக்கு நடந்துவிட்டது.

ஆகவே ஒருத்தி கத்தினால் முதலில் கேட்க வேண்டியது, 'இன்றைக்கு எந்த நிரை உங்களுக்கு?' என்பதுதான். அடுத்தது, 'பிள்ளை எப்படி இருக்கிறது?' பிள்ளையைக் காய்ச்சலோடு பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்த தாயின் மத்தியான நிறுவையைப் பார். மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருக்கும், அவள் சோம்பேறி என்பதால் அல்ல. கை செடியில் இருக்கும், காது பள்ளத்தில் இருக்கும். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் தோட்டத்துக்கு எத்தனை கிலோ நட்டம்? நட்டமே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் விட்டதை மத்தியானத்துக்குப் பிறகு பிடித்துவிடுவாள். இது இரக்கம் மட்டுமில்லை, கொழுந்துக் கணக்கும்தான். மனம் நொந்தவள் இரண்டு இலை ஒரு குருத்து என்று நின்று நிதானித்துக் கிள்ளமாட்டாள். கைக்கு வந்ததைப் பிடுங்கிப் பையில் அமுக்குவாள். அமுக்கின கொழுந்து சூடேறிச் சிவக்கும். வாட்டுவதற்கு முன்னமே கெட்டுப்போன இலையை எந்த மெஷினாலும் திருத்த முடியாது. எங்கள் ஸ்டோரில் இருந்த டீமேக்கர் ஒருவர் வந்து கொட்டுகிற கொழுந்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு மேல் டிவிசனில் யாரோ யாரையோ ஏசியிருக்கிறான்" என்பார். பாதி நாள் அது சரியாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனித்துப் பழகு. கொழுந்து எடுக்கிற மலை சும்மா இருக்காது. பேச்சும் சிரிப்பும் கேலியும் ஓயாது. முந்தின தலைமுறை பாடியது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் கிழித்துத் தொங்கவிடுகிற பாட்டுகள் அவர்களிடம் நிறைய இருந்தன. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைக்கு நாடாளுமன்ற உறுப்பினராகவும் போன சி. வி. வேலுப்பிள்ளை அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். அவர் செய்திராவிட்டால் அவற்றில் பலது கிழவிகளோடு மண்ணுக்குள் போயிருக்கும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ராகம் போட்டுச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து சிரித்து, அன்றைய நாளைத் தாண்டினார்கள். உன்னைப் பற்றியும் ஏதாவது கட்டுவார்கள். காதில் விழுந்தால் கோபப்படாதே, முடிந்தால் மனசுக்குள் சிரி. நீ போகும்போது பேச்சு நிற்பது வழமை. நீ தாண்டிப் போன பிறகும் பேச்சு திரும்பத் தொடங்கவில்லையென்றால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே விசாரி.

இனி உன் சொந்தக் கோபம். தோட்டத்தில் கோபம் மழைத்தண்ணி மாதிரி, மேலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். கொழும்பிலிருந்து கம்பனி பெரியதுரைக்கு ஏற்றும். அவர் சின்னத்துரைக்கு, சின்னத்துரை கண்டக்டருக்கு, கண்டக்டர் கணக்கப்பிள்ளைக்கு, கணக்கப்பிள்ளை கங்காணிக்கு, கங்காணி கொழுந்து எடுக்கிறவளுக்கு. லயத்து வீட்டுக்குப் போனதும் அவள் கை பிள்ளையின் முதுகில் விழும். கொழும்பில் யாரோ ஒரு மேசையில் இலக்கத்தைப் பார்த்து எரிச்சல்பட்டதற்கு மேல்மலை லயத்தில் ஒரு ஐந்து வயசுப் பிள்ளை அழும். உனக்கு இருக்கிற இடம் நடுவில். வந்ததை அப்படியே கீழே விடுகிறவனாக இருக்கலாம், உன்னோடு நிறுத்திக்கொள்கிறவனாகவும் இருக்கலாம். உன் வேலையில் படிப்புக் கேட்கிற பகுதி இதுதான் என்பது என் எண்ணம். பேர் போடுகிற செக்ரோலை எழுத எவனும் பழகிவிடுவான்.

எப்படி நிறுத்துவது? உனக்குப் பெரிய தியானம் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒப்பிஸில் ஏச்சு வாங்கினால் நேரே மலைக்குப் போகாதே. சுற்றுப்பாதையில் நடந்து போ. மடுவத்தில் நின்றுகொண்டு யாருக்கும் தண்டனை முடிவு செய்யாதே, நாளைக் காலை சொல்கிறேன் என்று சொல், சொன்னபடி காலையில் சொல். ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் நிரையில் மற்றப் பெண்கள் நிற்கும்போது வேண்டாம், தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல். அதுவும் அவளைப் பற்றி வேண்டாம், கொழுந்தைப் பற்றிச் சொல். அவள் குடும்பம், புருஷன், சாதி, நடத்தை எதையும் வாயில் எடுக்காதே. எடுத்தால் அந்த ஒரு வார்த்தை உனக்குப் பின்னால் உன் பிள்ளைகள் காலம்வரை லயத்தில் உலாவும். புகழ வேண்டியதை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் புகழ். பெரியதுரையிடமும் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல். பெப்ரவரி வெயிலில் கொழுந்து இல்லாத மலையில் மழைக்காலக் கிலோவைக் கேட்டால் முடியாது என்று இலக்கத்தோடு எழுதிக் கொடு. மேலே வாய் திறக்காதவன் கீழே மட்டும் பணிவாகப் பேசினால் பெண்கள் அவனை நல்லவன் என்பார்கள், நம்பமாட்டார்கள்.

கோபத்தை அடக்குவது பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பெரிய பொய்யைச் சொன்னவனாகிவிடுவேன். நம் சனத்துக்கு அடக்கத் தெரியாத குறை ஒருநாளும் இருந்ததில்லை. அடக்கினது எங்கே போனது என்று சம்பள நாள் சாயந்தரம் சாராயக் கடைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். வாயால் வராதது போத்தலுக்குள் போகும், கையால் வரும். ஆகவே தங்கள் கோபத்துக்கு ஒரு வழி தேடிக்கொடுத்தவர்களைத்தான் நான் மனசு தெரிந்தவர்கள் என்று சொல்வேன்.

கோதண்டராம நடேசய்யர் அப்படியானவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் லயங்களைப் பார்த்தவர். பேசப் போகவில்லை, பார்க்கவும் கேட்கவும் போனார் என்பதைக் கவனி. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார். சம்பளம், கடன், கங்காணிக் கொடுமை, உரிமை எல்லாவற்றையும் சனத்துக்குப் பழகிய மெட்டில் போட்டுப் பாட்டாக்கினார், அச்சிட்டும் கொடுத்தார். பேச்சைக் கேட்டுப் பயந்து ஒதுங்குகிற பெண்கள் பாட்டைக் கேட்க வந்து நிற்பார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தன் துக்கம் தனக்கு மட்டும் வந்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் நிற்கிறவளும் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கிறாள். சங்கம் அங்கேதான் உருவாகிறது. கோல்மன் புத்தகம் வருவதற்கு ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு முந்தின கதை இது.

கேட்க மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே கதை இருக்கிறது. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய விஷயம்.

உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்றும் ஒரு தரம் கணக்குப் பார்த்தார்கள். கெயார் (CARE) என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் சில தோட்டங்களில் சமூக அபிவிருத்தி மன்றங்களை அமைத்தது. தொழிலாளர், தோட்ட நிர்வாகம், சங்கத்தார், அயலில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து தண்ணி, பாதை, வேலை என்று கதைப்பார்கள். இதற்குப் போட்ட ஒவ்வொரு டொலருக்கும் 26 டொலர் பெறுமதியான பயன் வந்தது என்று பின்னால் ஓர் ஆய்வு சொன்னது. டொலர் கணக்கில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் எப்போதும் உண்டு, மனசுக்கு விலை போடுகிறவர்கள் எந்தத் தராசை வைத்து நிறுத்தார்களோ. ஆனால் துரையும் தொழிலாளியும் ஒரே உயரக் கதிரையில் இருந்தார்கள் என்பது மட்டுமே எனக்குப் போதும். என் காலத்தில் ஒப்பிஸ் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினோம்.

உன் தங்கச்சிக்கும் இரண்டு வரி. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், வருகிறவர்கள் ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறார்கள் என்று அழுதாளாம். அது பழகிவிடும். பழகாதது வேறொன்று: 'எந்த ஊர்?' என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் கண்டி என்று சொல்லிவிடுகிறார்கள். தோட்டம் என்றால் கேட்கிறவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஒளிக்கிறவளுக்கு நாள் பூராவும் அந்த ஒளிப்பைக் காவல் காக்கிறதே பெரிய வேலை, எதிரே நிற்கிறவர் சொல்வது காதில் விழாது. தோட்டத்தின் பேரையும் டிவிசனையும் சேர்த்தே சொல்லச் சொல். முகம் மாறினால் மாறட்டும், அது அவர்கள் பாடு. இவள் சேலையை மடிக்கலாம்.

உனக்குத் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. பெரட்டில் முதல் நாள் நீளமாகப் பேசாதே. முதல் கிழமைக்குள் தோட்டத் தலைவரையும் மாதர் சங்கத் தலைவியையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார், ஒப்பிஸுக்குக் கூப்பிட்டு அனுப்பாதே. எந்த மலையில் எந்த நிரை மோசம், யார் வீட்டில் படுக்கையில் ஆள், எந்தத் தாய்க்குப் பால்குடிப் பிள்ளை, போன கணக்கப்பிள்ளை விட்டுப்போன மனஸ்தாபம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள். வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புகிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், லயத்துக் காம்பராவுக்குள் கால் வைத்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பு. உன் அம்மா பிறந்ததும் அப்படியொரு காம்பராவில்தான். உள்ளே போய் உட்கார். தேத்தண்ணி கொடுப்பார்கள், பால்மாவு இல்லாவிட்டால் சாயம்தான் கிடைக்கும். குடித்துவிட்டு, போன மாசச் செக்ரோலில் அரைப் பேர் விழுந்தவர்கள் யார் யார் என்று அவர்களோடு சேர்ந்து ஒரு தரம் பார்த்துவிடு. புதுப் பென்சில் இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

மாமா